“அது சீனர்களின் பிரச்சினை, நமக்கு எதற்கு?”

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியின் எடிசன் பகுதியில் 9 ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். அவனுடைய நெருங்கிய நண்பன் சீன வம்சாவளியைச் சேர்ந்தவன். சில வாரங்களாகப் பள்ளிப் பேருந்தில் மூன்று மாணவர்கள் அந்தப் பையனைப் பார்த்துக் கண்களை இழுத்துக் காட்டுவதும், “வைரஸ்” என்று கூப்பிடுவதும், அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வதுமாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கறுப்பினத்தைச் சேர்ந்தவன். சென்ற வாரம் அவர்களோடு சேர்ந்து என் மகனும் சிரித்துவிட்டானாம். இரவு படுக்கையில் அழுதுகொண்டே சொன்னான். பள்ளியில் புகார் செய்யலாம் என்றேன். என் கணவரோ, “அது சீனர்களின் பிரச்சினை, நமக்கு எதற்கு? கிரீன் கார்டு கைக்கு வரும்வரை எதிலும் தலையிடாமல் இருப்பதே நல்லது” என்கிறார். எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில், ஆசிய முதியவர்களைக் கறுப்பினத்தவர் தாக்கும் காணொளிகளைப் பகிர்ந்து, “இவர்களோடா நாம் ஒற்றுமையாக இருக்க வேண்டும்?” என்று கேட்கிறார்கள். மகனிடம் என்ன சொல்வது? புகார் செய்வதா, வேண்டாமா? நம்மைப் போன்றவர்கள் இதில் என்னதான் செய்ய முடியும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் இரவில் அழுதான் என்ற வரியைத் தாண்டி உடனே என்னால் படிக்க முடியவில்லை. குடியேறிய குடும்பங்களுக்கு 22 ஆண்டுகளாக ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். தன் பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்கிறார்கள் என்று பதறி வரும் பெற்றோர் நிறையப் பேர். தன் பிள்ளை அந்தக் கேலியில் சேர்ந்து சிரித்துவிட்டான் என்பதற்காகத் தூக்கம் கெட்டுக் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செய்தது தவறு என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது, அதை மறைக்காமல் தாயிடம் சொல்லவும் முடிந்திருக்கிறது. எனவே அவனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியது குறைவுதான். அவனோடு பேச வேண்டியது மட்டும் இருக்கிறது.

மூன்று பேர் சேர்ந்து ஒருவனைச் சீண்டும்போது, அடுத்த முறை யார் மாட்டிக்கொள்வார்கள் என்பது அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். மாநிறத் தோலும், டப்பாவைத் திறந்தால் புளியோதரை வாசமுமாக இருக்கும் உங்கள் மகனுக்கு அது மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். “நான் அவனைப் போன்றவன் இல்லை, என்னை விட்டுவிடுங்கள்” என்பதை அவன் வாயால் சொல்லவில்லை, சிரிப்பால் சொன்னான். ஆகவே அவனிடம் பேசும்போது, “நீ இப்படிச் செய்யலாமா?” என்று தொடங்காதீர்கள், அதே சமயம், “பரவாயில்லை, விடு” என்றும் தேற்றிவிடாதீர்கள். என் மகனாக இருந்தால் நான் இப்படிச் சொல்வேன்: “சிரித்தது தப்புதான் கண்ணா. நீ பயத்தில் சிரித்தாய் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் உன் நண்பனுக்கு உன் பயம் கேட்டிருக்காது, சிரிப்பு மட்டும்தான் கேட்டிருக்கும். அதனால் நீதான் அவனிடம் போய்ப் பேச வேண்டும்.”

மன்னிப்பு சுருக்கமாக இருக்கட்டும். ஏன் சிரித்தேன் என்ற விளக்கம் அதில் வேண்டாம். “நான் சிரித்தேன், அது தப்பு, மன்னித்துக்கொள், நாளையிலிருந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன்” என்ற அளவே போதும். கடைசியாகச் சொன்ன அந்த இருக்கைதான் முக்கியம். சீண்டுகிறவர்களுக்கு வேண்டியது பக்கத்தில் யாரும் இல்லாத ஒரு பிள்ளையும், பார்த்துச் சிரிக்கச் சில முகங்களும்தான். உங்கள் மகன் அவர்களோடு மோத வேண்டியதில்லை, 12 வயதுப் பிள்ளையிடம் அந்த வீரத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவன் நண்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேலி தொடங்கும்போது வீட்டுப்பாடத்தைப் பற்றியோ விளையாட்டைப் பற்றியோ நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தாலே அந்தக் கேலிக்குப் பாதி வேகம் போய்விடும். இறங்கும்போது ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். வீட்டுக்கு வந்ததும் அன்றைய தேதியையும், யார் என்ன சொன்னார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். அந்த நோட்டு பின்னால் தேவைப்படும்.

இனி உங்கள் கணவர். அவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். வேலை போனால் 60 நாள்களுக்குள் வேறு வழி தேட வேண்டிய எச்-1பி என்ற வேலை விசாவில் ஆண்டுக்கணக்கில் வாழ்பவருக்குத் தலையைக் குனிந்துகொண்டு போவது ஒரு பழக்கமாகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை அவர் விரும்பித் தேடிக்கொள்ளவில்லை. ஆனால், “அது சீனர்களின் பிரச்சினை” என்று அவர் சொன்னதும், பேருந்தில் உங்கள் மகன் சிரித்ததும் ஒரே அச்சத்திலிருந்து வந்தவை என்பதை அவர் உணர வேண்டும். இதை நான் படிப்பறிவிலிருந்து மட்டும் எழுதவில்லை.

என் பெற்றோர் என்னை அழைத்துக்கொண்டு ஜெர்சி சிட்டிக்குக் குடிவந்தபோது எனக்கு 9 வயது. மறு ஆண்டு, 1987 கோடையில், இந்தியர்களை இந்த ஊரைவிட்டு விரட்டுவோம், தெருவில் கண்டால் தாக்குவோம் என்று ஒரு கும்பல் எழுதிய கடிதம் உள்ளூர் நாளிதழில் வெளிவந்தது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் டாட்பஸ்டர்ஸ்; நம் பெண்களின் நெற்றிப் பொட்டுதான் அந்தப் பெயரில் இருந்த டாட். அந்தச் செப்டம்பர் இறுதியில், பக்கத்து ஊரான ஹோபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்ற 30 வயது வங்கி அதிகாரியை ஒரு கும்பல் தெருவில் அடித்துப் போட்டது, சில நாள்களில் அவர் இறந்துபோனார். அது நவராத்திரி நேரம். எங்கள் வீட்டுக் கொலுவுக்கு அழைக்கப்பட்டிருந்த பெண்கள் வெற்று நெற்றியோடு படியேறி வந்தார்கள். கதவைச் சாத்திய பிறகு, அம்மா நீட்டிய சிமிழிலிருந்து குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டார்கள், பாடினார்கள், சுண்டல் வாங்கிக்கொண்டார்கள். கிளம்பும்போது கதவருகே இருந்த கண்ணாடி முன் ஒவ்வொருவராக நின்று, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. பத்து வயதில் பார்த்த அந்தக் காட்சி இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை. இறந்துபோன நவ்ரோஸ் மோடி ஒரு பார்சி என்பதும், பொட்டுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் மாடிக்கு மேல்மாடியில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு செவிலியர் குடியிருந்தார். அம்மா மருத்துவமனை ஆய்வகத்தில் மாலை நேர வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இலையுதிர் காலம் முழுவதும், தன் வேலை முடிந்த பிறகும் காத்திருந்து, பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல்வரை அம்மாவோடு நடந்து வந்தவர் அவர்தான். அந்தக் கடிதம் அவரைப் பற்றியது இல்லை, “அது இந்தியர்களின் பிரச்சினை” என்று அவரும் இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டு அவருடைய மகனைப் பள்ளியில் சிலர் இனத்தைச் சொல்லி அடித்தபோது, தான் எழுதிய புகாரில் அம்மாவும் ஒரு கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டு வந்தார். அப்பா, உங்கள் கணவர் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். அம்மா கையெழுத்துப் போடவில்லை. அம்மாவுக்கு இப்போது 74 வயது; ஊரில் நடந்த எத்தனையோ விஷயங்கள் மறந்துவிட்டன, போடாத அந்தக் கையெழுத்து மட்டும் மறக்கவில்லை.

நாம் வேறு, அவர்கள் வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை உங்கள் கணவரோடு அமைதியாகப் பேசிப் பாருங்கள். 1982 ஜூனில், ஜப்பானிய கார்களின் வரவால் அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு வேலை போகிறது என்ற கோபம் கொதித்துக்கொண்டிருந்த டெட்ராய்ட் பகுதியில், திருமணத்துக்குச் சில நாள்களே இருந்த வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரைக் கார் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவரும் அவருடைய மனைவியின் மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். சின் ஜப்பானியர் இல்லை, சீன வம்சாவளியினர். 2001 செப்டம்பர் 15 அன்று, அரிசோனாவின் மேசா நகரில் தன் பெட்ரோல் நிலையத்தின் முன்னே பூச்செடி நட்டுக்கொண்டிருந்த பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தலைப்பாகை கட்டிய சீக்கியர், அரபியர் இல்லை. 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா என்ற தெலுங்குப் பொறியாளரைச் சுட்டவன், ஈரானியர்களைச் சுட்டுவிட்டதாகத்தான் பிறகு சொன்னான். அவர் உங்கள் கணவரைப் போல விசாவில் வந்து, வேலை உண்டு தான் உண்டு என்று இருந்தவர்தான். அன்று சுட்டவனைப் பிடிக்க முன்னே பாய்ந்து, தானும் குண்டடி பட்ட இயன் கிரில்லட் என்ற வெள்ளை இளைஞரையும் நாம் மறக்கக் கூடாது. அவருக்கும் அது “யாருடைய பிரச்சினை” என்று கேட்க நேரம் இருந்திருக்கும், அவர் கேட்கவில்லை.

நாம் அவர்கள் இல்லை என்ற வாதத்தை இந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்திலேயே ஓர் இந்தியர் முன்வைத்துப் பார்த்திருக்கிறார். பகத் சிங் திந்த் பஞ்சாபில் பிறந்தவர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். அந்தக் காலச் சட்டப்படி, குடியேறி வந்தவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெற முடியும். சட்டமே தவறு என்று திந்த் தரப்பு வாதிடவில்லை. அவர் உயர்சாதி இந்து, ஆரிய இனத்தவர், ஆகவே வெள்ளையர் என்று வாதிட்டது. அதற்கு ஆதாரமாக, அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படித்தான் இந்தியாவின் உயர்சாதியினர் அங்குள்ள பழங்குடிகளைப் பார்க்கிறார்கள் என்றும் எழுதிக் கொடுத்தது. சாதியைப் பற்றி நன்கு அறிந்த தமிழர்களாகிய நாம் இந்த வரியை நின்று படிக்க வேண்டும். ஊரில் ஒருவரைத் தள்ளிவைத்த அதே கையால் இங்கே இன்னொருவரைத் தள்ளிவைக்கத் தயார் என்று காட்டினால், உள்ளே விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. 1923 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சாதாரண மனிதர்கள் யாரை வெள்ளையர் என்று கருதுகிறார்களோ அவர்களே வெள்ளையர் என்றது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கும் தோற்றிருந்தது. திந்த் தோற்றதோடு முடியவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. அப்படி இழந்த சான்பிரான்சிஸ்கோ வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் தற்கொலை செய்துகொண்டார். இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு மறுபடி திறக்க 1946 வரை ஆனது.

புகாருக்கு வருவோம். செய்யுங்கள், ஆனால் எழுத்தில் செய்யுங்கள். நீங்கள் வாழும் மாநிலத்தில் இதற்கு வலுவான சட்டம் இருக்கிறது. புல்லியிங் என்று நம் வீடுகளில் சொல்லும் இந்தச் சீண்டலைத் தடுக்க 2011இல் நடைமுறைக்கு வந்த நியூ ஜெர்சி சட்டம் பள்ளி வளாகத்தை மட்டும் சொல்லவில்லை, பள்ளிப் பேருந்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஒருவருடைய உண்மையான அடையாளத்தை வைத்துச் சீண்டினாலும், அவருக்கு இருப்பதாகப் பிறர் கருதிக்கொள்ளும் அடையாளத்தை வைத்துச் சீண்டினாலும் குற்றம் ஒன்றே என்கிறது. மேலே நான் சொன்ன வின்சென்ட் சின்னையும் சோதியையும் குச்சிபோட்லாவையும் நினைத்துக்கொண்டு அந்தச் சொற்களைப் படித்தால், அவை ஏன் தேவைப்பட்டன என்பது விளங்கும். ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென்றே ஓர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் வந்தால் ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், எழுத்துப்பூர்வ அறிக்கை கிடைத்த 10 பள்ளி நாள்களுக்குள் அது முடிய வேண்டும். முடிவில் திருப்தி இல்லாத பெற்றோர் கல்வி வாரியத்தின் முன் தங்கள் தரப்பைச் சொல்லக் கேட்கலாம். புகார் செய்தவரையோ சாட்சி சொன்ன பிள்ளையையோ பழிவாங்குவதும் அந்தச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. உங்கள் மகனின் நோட்டிலிருந்து தேதி, பேருந்து எண், சொன்ன சொற்கள் ஆகியவற்றை எடுத்து, பள்ளி முதல்வருக்கும் அந்த அலுவலருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். “இன அடிப்படையிலான சீண்டல்” என்ற சொற்கள் அதில் கட்டாயம் இருக்கட்டும். “பிள்ளைகளுக்குள் சின்னச் சண்டை” என்று அதைச் சுருக்கிவிட முடியாதபடி எழுதுங்கள்.

கிரீன் கார்டைப் பற்றி: பள்ளியில் கொடுக்கும் புகார் பள்ளிக்குள் நடக்கும் விசாரணை. அது குடியேற்றத் துறைக்குப் போகும் விஷயமில்லை, உங்கள் விண்ணப்பத்தில் அதைப் பற்றிக் கேட்கும் கேள்வியும் இல்லை. இதைக் கணவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மனம் ஒப்பவில்லையென்றால், உங்கள் விண்ணப்பத்தைக் கவனிக்கும் வழக்கறிஞரிடமே அவர் ஒரு முறை கேட்டுக்கொள்ளட்டும். அச்சத்தை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பதைவிட அது மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாமல் கேளுங்கள். பேருந்தில் சீண்டியவர்கள் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவனுடைய இனத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மற்ற இருவரும் யார்? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அது இல்லை. இதை நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் இதே போலப் புகாரிலும் எழுதிவிட்டால், மூன்று பேர் செய்த தவறுக்கு ஒருவனே பள்ளியின் கண்ணில் முதலில் படுவான். அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் இடைநீக்கம் செய்யப்படுகிறார்கள் என்பதை அரசின் தரவுகளே பல ஆண்டுகளாகக் காட்டுகின்றன. ஆகவே மூவரையும் பெயரால் மட்டும் குறிப்பிடுங்கள், மூவரும் செய்ததைத் தனித்தனியாக எழுதுங்கள். வெறும் தண்டனையோடு நிறுத்தாமல், மூவரும் தாங்கள் செய்தது என்ன என்று புரிந்துகொள்ளும்படியான நடவடிக்கை வேண்டும் என்று கேளுங்கள். அவர்களும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தானே.

வாட்ஸ்அப் குழுவில் வரும் காணொளிகளுக்கும் இதே பதில்தான். அவற்றில் இருக்கும் வலி பொய்யில்லை. 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவில் காலை நடைப்பயிற்சிக்குப் போன 84 வயதுத் தாய்லாந்துப் பெரியவர் தள்ளிவிடப்பட்டு இறந்ததைப் பார்த்து யாருக்கும் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் அதே ஆண்டு மார்ச் 16 அன்று அட்லாண்டா பகுதியில் எட்டுப் பேரை, அவர்களில் ஆறு பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள், சுட்டுக் கொன்றவன் வெள்ளையன். வின்சென்ட் சின்னையும் குச்சிபோட்லாவையும் கொன்றவர்களும் வெள்ளையர்களே. அப்போதெல்லாம் நம்மில் யாரும், “இதுதான் வெள்ளையர்களின் குணம்” என்று எழுதவில்லை. அந்தக் கொலைகாரர்களைத் தனிமனிதர்களாகவே பார்த்தோம். கறுப்பினத்தவர் ஒருவர் குற்றம் செய்தால் மட்டும் அது ஓர் இனத்தின் குற்றமாகிவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை நமக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை, இந்த நாட்டின் காற்றிலிருந்தும், ஊரிலிருந்து நாம் கட்டிக்கொண்டு வந்த மூட்டையிலிருந்தும் எடுத்துக்கொண்டோம்.

வின்சென்ட் சின்னைக் கொன்றவர்களுக்குக் கிடைத்தது மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் தலா 3,000 டாலர் அபராதமும். ஒரு நாள் சிறை கூட இல்லை. அவருடைய தாய் லில்லி சின் நீதி கேட்டு நாடு முழுவதும் போனார். சீனர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோ என்று அதுவரை பெரும்பாலும் தனித்தனியாக இருந்தவர்கள் ஆசிய அமெரிக்கர் என்ற பெயரில் நாடு தழுவி ஒன்றாக நின்றது அப்போதுதான். கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் லில்லி சின்னோடு நின்றார். சின் கொல்லப்பட்டு ஏறக்குறைய ஒன்பது ஆண்டு கழித்து, 1991 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலிஸில் லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒரு கடையில் 1 டாலர் 79 சென்ட் ஆரஞ்சுச் சாறு எடுத்தாள். திருடுகிறாள் என்று நினைத்த கொரியக் கடைக்காரப் பெண் கைகலப்புக்குப் பிறகு பின்தலையில் சுட்டார். சிறுமியின் கையில் பணம் இருந்தது. கடைக்காரருக்கும் சிறை இல்லை. நன்னடத்தைக் கண்காணிப்பும், சமூகப் பணியும், 500 டாலர் அபராதமும்தான். இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தீர்ப்பைப் படித்துக் கொதிக்கும் ஆசியர்கள் இரண்டாவதைப் படித்தும் கொதிக்க வேண்டும். அன்று கறுப்பின மக்கள் அடைந்த கொதிப்பும், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸாரை அடுத்த ஆண்டு விடுவித்த தீர்ப்பும் சேர்ந்து வெடித்த கலவரத்தில் 2,000க்கும் மேற்பட்ட கொரியர் கடைகள் நாசமாயின. எரிந்த கடைகளும் ஏழைகளின் கடைகள். எரித்த கைகளும் ஏழைகளின் கைகள்.

குழுவில் நீண்ட விவாதத்தில் இறங்காதீர்கள். அடுத்த காணொளி வரும்போது ஒரே ஒரு முறை, நிதானமாக, உங்கள் பெயரில் எழுதுங்கள்: “தாக்கப்பட்டவருக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் இதை வைத்து ஓர் இனத்தையே பழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் இந்த நாட்டுக்கு வர முடிந்ததே அவர்கள் போராடியதால்தான்.” கடைசி வரி மிகையில்லை. ஆசிய நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுக்குச் சுமார் நூறு பேர் என்று கட்டிவைத்திருந்த பழைய ஒதுக்கீட்டு முறை ஒழிந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால். முந்தைய ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டத்தையும் அதே ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தையும் வென்றெடுத்த கறுப்பின மக்களின் போராட்டம் இல்லாமல், இன வாரியாக ஆள் எடுப்பது அவமானம் என்ற எண்ணம் அந்த நாடாளுமன்றத்துக்கு வந்திருக்காது. அதற்கும் வெகு முன்பே, 1869இல், அடிமையாகப் பிறந்து தப்பித்து வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் பாஸ்டனில் பேசும்போது, சீனர்கள் இங்கே வரவும் குடிமக்களாகவும் உரிமை உண்டு என்று வாதாடினார். சீனர்களைத் தடுக்கும் சட்டம் 1882இல் வரத்தான் செய்தது, ஆனால் தன் மக்களுக்கே முழு உரிமை கிடைக்காத நேரத்தில் அவர் அடுத்தவருக்காகப் பேசினார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நீங்கள் வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் வீட்டுக்குள். “சப்பை மூக்கு” என்றும், “அந்தக் கருப்பன்” என்றும் நம் கூடத்தில் சர்வசாதாரணமாக விழும் சொற்களை நிறுத்துங்கள். பேருந்தில் கண்ணை இழுத்துக் காட்டியதைப் பார்த்து உங்கள் மகனுக்குச் சிரிக்கத் தோன்றியதில் அந்தச் சொற்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பிறகு, தமிழ்ச் சங்கத்தில். பொங்கலும் சீனப் புத்தாண்டும் சில வார இடைவெளியில் வருகின்றன, சேர்ந்து கொண்டாடலாம், நல்லதுதான். ஆனால் ஒரு நாள் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுக் கலைவதோடு அது முடிந்துவிடக் கூடாது. 2022 ஜனவரியில் நியூ ஜெர்சி, இல்லினாய்ஸுக்கு அடுத்தபடியாக, ஆசிய அமெரிக்கர்களின் வரலாற்றைப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கறுப்பின வரலாற்றைப் பாடத்தில் சேர்க்க 2002இலேயே அமிஸ்டாட் ஆணையத்தை இதே மாநிலம் அமைத்திருந்தது. இந்த இரண்டு பாடங்களும் உங்கள் பள்ளியில் உண்மையிலேயே நடக்கின்றனவா என்று கல்வி வாரியக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஆசியப் பெற்றோர் ஆசியப் பாடத்துக்காக மட்டும் கேட்காமல், இரண்டுக்குமாகச் சேர்ந்து கேட்டால், அரங்கில் இருக்கும் கறுப்பினப் பெற்றோர் திரும்பிப் பார்ப்பார்கள். அறிமுகம் அங்கே தொடங்கும்.

இப்படிச் சேர்ந்து நின்றவர்கள் முன்பும் உண்டு. கலிபோர்னியாவின் டெலானோவில் 1965 செப்டம்பர் 8 அன்று திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்த பிலிப்பினோ தொழிலாளர்கள், லாரி இட்லியோங் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிலிப்பினோக்கள் நிறுத்தினால் மெக்சிகோக்காரர்களை வைத்து வேலை வாங்குவதும், அவர்கள் நிறுத்தினால் இவர்களை அழைப்பதும் முதலாளிகளின் வழக்கம். எட்டு நாள் கழித்து சீசர் சாவேஸின் சங்கத்தைச் சேர்ந்த மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களும் வேலையை நிறுத்திவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். பிலிப்பினோ சங்கக் கூடத்தின் சமையலறையில் இரு தரப்புக்கும் ஒன்றாக உலை வைத்தார்கள். போராட்டம் வெல்ல ஐந்து ஆண்டுகள் ஆயின. முதல் ஆண்டிலேயே அவர்கள் சோர்ந்து பிரிந்திருந்தால் நமக்கு இதைச் சொல்லவே காரணம் இருந்திருக்காது.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே, மின்னஞ்சல் அனுப்புவதற்கும் முன்பாக, அந்தப் பையனின் தாயை அழையுங்கள். அவரைக் கேட்காமல் அவர் மகனுக்காகப் புகார் எழுதிவிடாதீர்கள், அவரும் ஏதோ ஒரு விசாவில் இருக்கலாம், அவர் வீட்டிலும் ஒருவர், “நமக்கு எதற்கு?” என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். உங்கள் மகன் சிரித்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். பேருந்தில் நடந்ததை உங்கள் மகன் எழுதிவைத்திருக்கிறான் என்றும், பள்ளிக்கு எழுத நீங்கள் தயார் என்றும், எப்படிச் செய்வது என்பதை அவரே சொல்லட்டும் என்றும் சொல்லுங்கள். அவர் சில நாள் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால், உங்கள் மகன் கண்ணால் கண்டதையும் அது அவனைப் பாதித்ததையும் மட்டும் உங்கள் பெயரில் எழுதுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. சரி என்றால், முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். அதற்குக் கீழே நீங்களும் உங்கள் கணவரும் போடுங்கள்.